பழைய கணினியில் ஹார்ட் டிஸ்க் மாற்றுவது எப்படி: மொரீஷியஸ் வாசகர்களுக்கு ஒரு வழிகாட்டி

ரோஸ் ஹில் பக்கமோ போர்ட் லூயிஸ் பக்கமோ ஒரு கோவில் அலுவலகத்தில் விண்டோஸ் 98 கணினி இன்னும் மேசைக்கடியில் இருந்தால், அதற்குள் என்ன இருக்கும் என்று பார்க்காமலே சொல்லலாம். தைப்பூசத்துக்குக் காவடி எடுத்தவர்களின் பெயர்ப் பட்டியல், திருவிழா நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை, பஜனைக்கு அடித்த பாட்டுப் புத்தகம். ஓய்வு பெற்ற தமிழாசிரியர் வீட்டுக் கணினி என்றால் வருடக்கணக்கில் சேர்ந்த வினாத்தாள்களும் பாடக் குறிப்புகளும். இவற்றில் பலவற்றுக்கு வேறெங்கும் பிரதி இருக்காது.

அந்தக் கணினியில் முதலில் கைவிடுவது பெரும்பாலும் ஹார்ட் டிஸ்க்தான். மதர்போர்டும் மெமரியும் அசையாத பொருள்கள். ஹார்ட் டிஸ்க் அப்படியல்ல. உள்ளே தட்டு நிமிடத்துக்கு 5400 முறை சுற்ற, அதன்மேல் தலைமுடியின் பருமனைவிட மிகக் குறைந்த உயரத்தில் ஹெட் மிதந்துகொண்டே படிக்கிறது. தேய்மானம் வந்தே தீரும். ஆகவே இந்த வேலையில் வரிசை முக்கியம்: முதலில் உள்ளிருப்பதைக் காப்பாற்ற வேண்டும், அப்புறம்தான் டிஸ்க் மாற்றம். வரிசை மாறினால் கணினி பிழைக்கும், தமிழ்ப் பக்கங்கள் போய்விடும்.

இங்கே நான் சொல்வது 1990களின் நடுவிலிருந்து 2000களின் தொடக்கம் வரை வந்த டெஸ்க்டாப் கணினிகளுக்கு. அவற்றில் இருப்பது ஐடிஇ வகை டிஸ்க். அகலமான பட்டைக் கேபிள், நாற்பது ஊசி. பழைய மேக்கின்டாஷில் பெரும்பாலும் ஸ்கஸி டிஸ்க் இருக்கும், அதற்கு ப்ளூஸ்கஸி போன்ற தனிக் கருவிகள் உண்டு. பழைய லேப்டாப்பில் 44 ஊசி. மின்சாரமும் அதே இணைப்பில் வரும். முறை ஏறக்குறைய ஒன்றுதான், உதிரிப்பாகம் வேறு.

எப்போது செய்வது

நம் ஊர் ஈரப்பதத்தை மனதில் வையுங்கள். கியூர்ப்பிப்பில் குளிர்கால மாதங்களில் சுவரே வியர்த்திருக்கும். கடலோரம் என்றால் உப்புக் காற்று ஊசிகளைப் பச்சை பிடிக்க வைக்கும். அக்டோபர்தான் இங்கே பொதுவாக மழை குறைந்த மாதம். நவம்பரில் புயல் பருவம் தொடங்கிவிடும், மே நடுவரை நீளும். மின்சாரம் போய்ப் போய் வரும் நாளில் இந்த வேலை வேண்டாம். தைப்பூச நோட்டீஸ் அடிக்க வேண்டிய வாரத்திலும் வேண்டாம்.

டிஸ்க் கடகடவென்று ஒரே தாளத்தில் தட்டுகிறதா? கோப்பு திறக்க நிமிடக்கணக்கில் ஆகிறதா? அப்படியென்றால் பருவம் பார்க்காமல் இன்றே அணைத்துவிடுங்கள். "இன்னும் ஒரு தடவை போட்டுப் பார்ப்போம்" என்று திரும்பத் திரும்ப ஆன் செய்வதும், டிஸ்கைச் சோதிக்கும் ஸ்கேன்டிஸ்க் நிரலை ஓட விடுவதும் சாகப்போகிற டிஸ்கைச் சீக்கிரம் அனுப்பிவைக்கும் வேலை. ஃப்ரீசரில் வைத்தால் சரியாகும் என்று யாராவது சொல்வார்கள். கேட்காதீர்கள். நம் காற்றில் வெளியே எடுத்த மறுகணமே டிஸ்கில் நீர் கோத்துவிடும்.

கழற்றுவதற்கு முன் எழுதி வைக்க வேண்டியவை

கணினி இன்னும் ஓடுகிறது என்றால், ஆன் செய்தவுடன் டெலீட் விசையை அழுத்தி பயாஸ் என்ற, கணினியின் அடிப்படை அமைப்புகள் உள்ள திரைக்குப் போங்கள். சில நிறுவனக் கணினிகளில் எஃப்1, எஃப்2 அல்லது எஃப்10. அங்கே ஹார்ட் டிஸ்க் வரியில் சிலிண்டர், ஹெட், செக்டர் என்று மூன்று எண்களும், மோடு என்ற இடத்தில் எல்பிஏ, லார்ஜ், நார்மல் ஆகியவற்றில் ஒன்றும் இருக்கும். நான்கையும் ஒரு தாளில் எழுதுங்கள். கைபேசியில் படமும் எடுத்துக்கொள்ளுங்கள். இந்த நாலு வரி பின்னால் உங்களை ஒரு முழு நாள் அலைச்சலிலிருந்து காப்பாற்றலாம். எப்படி என்று அந்த இடத்தில் சொல்கிறேன். திரையில் முதலில் வரும் பயாஸ் தேதியையும் குறித்து வையுங்கள்.

கணினி ஒவ்வொரு முறையும் தேதியை மறந்து பழைய வருடத்துக்குப் போகிறதென்றால் மதர்போர்டில் உள்ள பேட்டரி தீர்ந்துவிட்டது. வட்டமான சிஆர்2032 என்றால் எந்தக் கடையிலும் கிடைக்கும், இந்தத் தடவையே மாற்றிவிடுங்கள். இன்னும் பழைய போர்டுகளில் உருளை வடிவ நீல பேட்டரி பற்றவைத்திருக்கும். அது கசிந்து பக்கத்துச் செப்புத் தடங்களை அரித்திருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள்.

திறப்பது

பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்குங்கள். அப்புறம் பவர் பொத்தானை ஒரு தடவை அழுத்தினால் மிச்ச மின்சாரமும் இறங்கும். பவர் சப்ளைப் பெட்டியையும் குழாய் மானிட்டரையும் எக்காரணம் கொண்டும் திறக்க வேண்டாம். அணைத்த பிறகும் அவற்றுக்குள் உயிருக்கு ஆபத்தான மின்னழுத்தம் நிற்கும். 1990களின் நடுவில் வந்த ஏடி வகைப் பெட்டிகளில் இன்னொரு ஆபத்து உண்டு. முன்பக்கத்து ஸ்விட்சுக்கே 230 வோல்ட் நேராக வரும். அந்த ஒயர்களின் உறை வெடித்திருந்தால் கை வைக்காமல் ஒரு எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

மூடியைக் கழற்றியதும் தூசியும் காய்ந்த பல்லி முட்டை ஓடும் இருக்கும். மென்மையான பிரஷால் தள்ளிவிடுங்கள், வாயால் ஊதாதீர்கள். எதையும் தொடுமுன் பெட்டியின் பெயின்ட் இல்லாத உலோகப் பகுதியைத் தொட்டு உடம்பிலுள்ள நிலைமின்சாரத்தை இறக்கிக்கொள்ளுங்கள். சிந்தெடிக் சட்டையைவிடப் பருத்தி நல்லது.

கேபிள்கள் எப்படிச் செருகியிருக்கின்றன என்று படம் எடுங்கள். பட்டைக் கேபிளின் ஒரு ஓரத்தில் சிவப்புக் கோடு ஓடும். அது முதல் ஊசியின் பக்கம். ஏறக்குறைய எல்லா டிஸ்கிலும் அது மின் இணைப்பை ஒட்டிய பக்கமாகவே இருக்கும். கழற்றும்போது ஒயரைப் பிடித்து இழுக்காமல் பிளாஸ்டிக் தலையைப் பிடித்து இரண்டு பக்கமும் மெல்ல அசைத்து எடுங்கள். நாலு ஒயர் உள்ள மின் இணைப்பு வருடக்கணக்கில் இறுகிப்போயிருக்கும், அதற்குப் பொறுமை வேண்டும். அதில் மஞ்சள் 12 வோல்ட், சிவப்பு 5 வோல்ட், நடுவிலுள்ள இரண்டு கறுப்பும் எர்த்.

டிஸ்கின் ஸ்க்ரூக்களைத் தனிக் கிண்ணத்தில் போடுங்கள். டெஸ்க்டாப் ஹார்ட் டிஸ்கின் ஸ்க்ரூவுக்கு மரை அகலம். சிடி டிரைவ் ஸ்க்ரூவுக்கு மரை நெருக்கம். ஒன்றை இன்னொன்றில் முறுக்கினால் மரை கெட்டுவிடும்.

உள்ளிருப்பதைக் காப்பாற்றுவது

இப்போது பழைய டிஸ்க் உங்கள் கையில். அதைப் புதிய கணினி ஒன்றில் இணைத்து, டிஸ்க் முழுவதையும் ஒரே கோப்பாகப் படிக்க வேண்டும். இதற்கு யூஎஸ்பி-ஐடிஇ அடாப்டர் தேவை. கூடவே தனி மின்சாரப் பெட்டி வரும் வகையாக வாங்குங்கள், டெஸ்க்டாப் டிஸ்குக்கு யூஎஸ்பியின் மின்சாரம் போதாது. டிஸ்கின் பின்பக்கத்தில் ஜம்பர் என்ற சிறு பிளாஸ்டிக் மூடி இருக்கும். மேல் ஸ்டிக்கரில் உள்ள படத்தைப் பார்த்து அதை மாஸ்டர் (கேபிளில் முதல் டிஸ்க்) இடத்தில் வையுங்கள்; பல அடாப்டர்கள் வேறு நிலையில் டிஸ்கையே பார்க்காது.

கோப்புகளை மட்டும் இழுத்துப் போட்டால் போதாதா என்று கேட்பார்கள். நல்ல டிஸ்காக இருந்தால் ஓரளவு போதும். ஆனால் மோசமான டிஸ்கில் ஒரு கோப்பு தடுக்கினால் விண்டோஸ் அங்கேயே நின்று அதையே மீண்டும் மீண்டும் படிக்கப் பார்க்கும். லினக்ஸில் ஓடும் ஜிஎன்யூ டிடிரெஸ்க்யூ என்ற இலவச நிரல் அப்படிச் செய்யாது. எளிதாகப் படிக்க முடிகிற பகுதிகளை முதலில் எடுத்துவிட்டு, சிக்கலான இடங்களைக் கடைசியில் தொடும். எங்கே வரை வந்தது என்று ஒரு வரைபடக் கோப்பிலும் குறித்து வைக்கும். நடுவில் மின்சாரம் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். லினக்ஸ் தெரியாதவர்கள் பென் டிரைவிலிருந்தே ஓடும் லினக்ஸ் ஒன்றைப் பயன்படுத்தலாம், கணினியில் எதையும் நிறுவ வேண்டியதில்லை.

ஒரே ஒரு இடத்தில் கவனம்: எதிலிருந்து எதற்கு என்று கட்டளையில் இடம் மாறிவிட்டால் பழைய டிஸ்க் அழிந்துபோகும். பெயரை நம்பாமல் கொள்ளளவைப் பாருங்கள். ஸ்டிக்கரில் 4.3 ஜிபி என்றிருந்தால் திரையிலும் மூலமாகக் காட்டுவது அந்த அளவாக இருக்க வேண்டும். விண்டோஸ் கணினியில் இணைத்தபோது "ஃபார்மேட் செய்யட்டுமா" என்று கேட்டால் வேண்டாம் என்றே சொல்லுங்கள்.

கிடைத்த கோப்பை இரண்டு இடத்தில் வையுங்கள். ஒன்றாவது அந்தக் கட்டடத்துக்கு வெளியே இருக்கட்டும். புயல் வந்து கூரை ஒழுகினால் கணினியும் அதன் பிரதியும் ஒரே அலமாரியில் சேர்ந்து நனையக் கூடாது.

எதை வாங்குவது

இன்னொரு பழைய ஹார்ட் டிஸ்கைத் தேடிப் போட வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. அதுவும் அதே வயதுடையது. அந்தச் சுழலும் சத்தம் பிடித்தவர்கள் தங்கள் சொந்த விளையாட்டுக் கணினியில் போட்டுக்கொள்ளட்டும்; பிறருடைய ஆவணங்கள் உள்ள கணினிக்கு அது சரிவராது.

நான் சிபாரிசு செய்வது காம்பாக்ட் ஃபிளாஷ் கார்டும், அதை ஐடிஇ கேபிளில் செருகும் சிறு அடாப்டரும். இந்தக் கார்டு பிறவியிலேயே ஐடிஇ மொழி பேசும், அதனால் அடாப்டரில் பெரிய மூளை எதுவும் தேவைப்படாது, விலையும் குறைவு. தொழிற்சாலைத் தரம் என்று குறிப்பிட்ட கார்டுகள் நீடித்து உழைக்கும். எஸ்டி கார்டு அடாப்டரும், சாட்டா எஸ்எஸ்டியை ஐடிஇக்கு மாற்றும் அடாப்டரும் கிடைக்கின்றன. வேலை செய்யும், ஆனால் நடுவில் ஒரு மொழிபெயர்ப்புச் சில்லு இருப்பதால் சில பழைய போர்டுகள் முரண்டு பிடிக்கும். நம் தீவில் இவை கடையில் கிடைக்காமல் வெளிநாட்டிலிருந்து தருவிக்க வேண்டிவரலாம். அதனால் வாங்குமுன் கீழே உள்ளதைச் சரிபாருங்கள்.

அளவுதான் புதியவர்கள் தடுமாறும் இடம். பெரியதாக வாங்கினால் நல்லது என்பது இங்கே பொருந்தாது. பயாஸ் எவ்வளவு வரை எண்ணத் தெரிந்ததோ அவ்வளவுதான். 1994க்கு முந்தைய பல கணினிகள் 528 எம்பியில் நின்றுவிடும். அதற்கு அடுத்த சிலவற்றுக்கு 2.1 ஜிபி எல்லை. 1998க்கு முந்தையவற்றில் பெரும்பாலானவை 8.4 ஜிபிக்கு மேல் பார்க்காது. 1999 வரையிலான பலவற்றுக்கு 32 ஜிபிக்கு மேல் போனால் ஆன் ஆகும்போதே உறைந்துபோகும் பழக்கம் உண்டு. அதற்கும் அப்பால் 137 ஜிபி எல்லை. விண்டோஸ் 98 உள்ள கோவில் கணினிக்கு 8 ஜிபி கார்டு தாராளம். 8.4 எல்லைக்குள்ளும் அடங்கும்.

இன்னொன்று: புதியது பழையதைவிடச் சற்றும் சிறியதாக இருக்கக் கூடாது. 4.3 ஜிபி டிஸ்கின் பிரதி 4 ஜிபி கார்டில் ஏறாது. அடாப்டரில் மின் இணைப்பு எந்த வகை என்றும் பாருங்கள். பலவற்றில் ஃபிளாப்பி டிரைவுக்கு வரும் சின்ன இணைப்பு இருக்கும், உங்கள் பவர் சப்ளையில் அது காலியாக உண்டா? சில பட்டைக் கேபிள்களில் இருபதாவது துளை அடைத்திருக்கும். அடாப்டரில் நாற்பது ஊசியும் இருந்தால் அந்தக் கேபிள் உட்காராது.

பொருத்துவது

எடுத்து வைத்த கோப்பைக் கார்டில் எழுதுங்கள். கார்டு ரீடரும், பலேனா எச்சர் போன்ற இலவச நிரலும் போதும். கோப்பை அப்படியே கார்டுக்குள் காப்பி செய்வது வேறு, டிஸ்காக எழுதுவது வேறு. இங்கே தேவை இரண்டாவது.

கார்டை அடாப்டரில் செருகும்போது அவசரப்படாதீர்கள். ஐம்பது மெல்லிய ஊசிகள். பக்கவாட்டுக் காடிகள் ஒன்று அகலம், ஒன்று குறுகல், தலைகீழாகப் போகாதபடி. காடியில் வைத்து விரலால் தள்ளினால் சீராக உள்ளே போகும். நடுவில் ஏதோ தடுப்பதுபோல் இருந்தால் அழுத்தாமல் வெளியே எடுத்து, டார்ச் அடித்து எந்த ஊசி சாய்ந்திருக்கிறது என்று பாருங்கள். சாய்ந்த ஊசியைக் குண்டூசி முனையால் நிமிர்த்தலாம். மடங்கியதை நிமிர்த்தினால் ஒடியும்.

அடாப்டரின் ஜம்பர் மாஸ்டரில் இருக்கட்டும். அதே கேபிளில் சிடி டிரைவ் இருந்தால் அது ஸ்லேவ் (இரண்டாவது). எண்பது ஒயர் உள்ள மெல்லிழைக் கேபிள் என்றால் நீலத் தலை மதர்போர்டுக்கு, கறுப்புத் தலை மாஸ்டருக்கு, நடுவிலுள்ள சாம்பல் ஸ்லேவுக்கு. அடாப்டரைப் பெட்டிக்குள் தொங்கவிடாதீர்கள். அதன் அடிப்பக்கம் உலோகத்தில் பட்டால் ஷார்ட் ஆகும். பிளாஸ்டிக் தாங்கி வைத்து ஸ்க்ரூ போடுங்கள். பின்புறம் கார்டை வெளியிலிருந்தே செருகும் வகை அடாப்டரும் உண்டு. வசதிதான், ஆனால் கணினி ஓடும்போது யாரும் உருவக் கூடாது.

மூடியைப் போடாமலே ஆன் செய்து பயாஸுக்குப் போய், டிஸ்கைத் தானாகக் கண்டுபிடிக்கும் வரியை அழுத்துங்கள். மோடு எல்பிஏவில் இருக்கட்டும். பழையதற்கு வேறு மோடு குறித்திருந்தால் அதையே வையுங்கள். சேமித்து வெளியே வந்தால் விண்டோஸ் வழக்கம்போல் எழும்பும். சத்தமே இல்லாமல் எழும்புவது முதலில் விசித்திரமாக இருக்கும்.

எழும்பாவிட்டால்

கறுப்புத் திரையில் கோடு மட்டும் மினுக்குகிறதா, அல்லது சிஸ்டம் டிஸ்க் இல்லை என்று சொல்கிறதா? பதற வேண்டாம், உள்ளடக்கம் பத்திரமாகத்தான் இருக்கிறது. கார்டு பழைய டிஸ்கைவிடப் பெரியது என்பதால் பயாஸ் அதற்கு வேறு ஹெட் எண்ணிக்கை கொடுத்திருக்கலாம். விண்டோஸின் பூட் பகுதியோ பழைய எண்ணிக்கையையே நினைவில் வைத்திருக்கிறது. எழுதி வைத்த அந்த நாலு வரி இங்கேதான் உதவும். பயாஸில் ஆட்டோ என்பதை யூசர் என்று மாற்றி, பழைய சிலிண்டர், ஹெட், செக்டர் எண்களையும் மோடையும் கையால் கொடுங்கள். கார்டைப் பழைய டிஸ்க் என்றே பயாஸ் நடத்தும்.

அதுவும் ஆகவில்லையென்றால் விண்டோஸ் 98 பூட் ஃபிளாப்பி வேண்டும். அதிலிருந்து எழுப்பி, எஃப்டிஸ்க் கட்டளையில் பெரிய டிஸ்க் ஆதரவு வேண்டும் என்று சொல்லி, பழைய பார்ட்டிஷனை (டிஸ்கின் பிரிவை) நீக்கிப் புதிய பார்ட்டிஷன் உருவாக்கி, அது ஆக்டிவ் என்று குறித்திருக்கிறதா என்று பார்த்து, மறுபடி எழுப்புங்கள். எஃப்டிஸ்கையே மீண்டும் எம்பிஆர் என்ற சேர்ப்போடு (fdisk /mbr) ஒரு தடவை ஓட்டினால் கார்டின் தொடக்கத்தில் பூட் குறியீடு எழுதப்படும். கார்டுகளில் இது பலமுறை விடுபட்டிருக்கும். பிறகு சி டிரைவை எஸ் சேர்ப்போடு (format c: /s) ஃபார்மேட் செய்யுங்கள். கடைசியாக, லினக்ஸில் பழைய பிரதியைத் திறந்து, மறைந்திருக்கும் கோப்புகள் உட்பட எல்லாவற்றையும் கார்டுக்கு மாற்றுங்கள். வெறும் டாஸில் காப்பி செய்ய வேண்டாம், நீண்ட கோப்புப் பெயர்கள் எல்லாம் எட்டெழுத்தாக நறுக்கப்பட்டுவிடும்.

இந்த இடத்தில் நம் ஊருக்கே உரிய ஒரு தொல்லை. பிரான்ஸிலிருந்தோ ரீயூனியனிலிருந்தோ வந்த கணினியில் ஏஸர்ட்டி என்ற பிரெஞ்சு விசைப்பலகை இருக்கும். ஆங்கில பூட் ஃபிளாப்பி அதை அமெரிக்க விசைப்பலகை என்றே நினைக்கும். ஃபார்மேட் என்று ஆங்கிலத்தில் அடிக்க ஏ எழுத்துக்குக் கியூ விசையையும், எம் எழுத்துக்கு என் (N) விசைக்கு வலப்பக்கமுள்ள கமா விசையையும் அழுத்த வேண்டும். சி டிரைவுக்குப் பின் வரும் முக்காற்புள்ளி, ஷிஃப்டுடன் எம் விசை. சாய்கோடு, வலது ஷிஃப்டை ஒட்டிய ஆச்சரியக்குறி விசை. இந்த வரிகளைத் தாளில் எழுதிப் பக்கத்தில் வைத்துக்கொண்டால் பாதித் தலைவலி குறையும்.

தமிழ் வருகிறதா என்று பாருங்கள்

கணினி எழும்பியதும் வேலை முடிந்தது என்று மூடியைப் போட்டுவிடாதீர்கள். விண்டோஸ் 98இல் தமிழுக்கு யூனிகோடு (எல்லா மொழிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடு) ஆதரவு கிடையாது; விண்டோஸ் 2000 உடன்தான் லதா எழுத்துருவும் அந்த ஆதரவும் வந்தன. அதற்கு முன் அடித்தவை எல்லாம் ஆங்கில அல்லது பிற ஐரோப்பிய எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை உட்கார வைத்த எழுத்துருக்களில் உள்ளவை. டிஸ்கி (TSCII) என்ற எழுத்துக் குறியீடு ஒரு முறை, 1999இல் சென்னைத் தமிழிணைய மாநாட்டை ஒட்டித் தமிழ்நாட்டு அரசு ஏற்ற டாம் (TAM), டாப் (TAB) வேறு முறை, இவை தவிர ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென்று ஒன்று. எழுத்துருக் கோப்பு இல்லாவிட்டால் திருப்புகழ் கூட மேற்கோடும் கொம்பும் போட்ட ஐரோப்பிய எழுத்துக் குவியலாகத் தெரியும்.

எனவே ஆவணங்களை மட்டும் காப்பாற்றினால் பாதிதான் காப்பாற்றினீர்கள். விண்டோஸ் ஃபோல்டருக்குள் இருக்கும் ஃபான்ட்ஸ் ஃபோல்டர் முழுவதையும் தனியாக எடுத்து வையுங்கள். பேஜ்மேக்கரில் நோட்டீஸும் புத்தகமும் தயாரித்த கணினி என்றால் சி டிரைவில் பிஎஸ்ஃபான்ட்ஸ் என்று இன்னொரு ஃபோல்டர் இருக்கலாம். அடோபி டைப் மேனேஜர் தன் எழுத்துருக்களை அங்கேதான் வைக்கும். பலர் அதை விட்டுவிடுகிறார்கள். தமிழ் மென்பொருளுக்குப் பிரிண்டர் இணைப்பில் செருகும் பூட்டு ஏதாவது இருந்தால் அதைத் தூக்கி எறியாதீர்கள், அது இல்லாமல் நிரல் திறக்காது.

பழைய அச்சுப் பிரதி ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அதே கோப்பைத் திறந்து வரிவரியாக ஒப்பிடுங்கள். கொம்பு இடம் மாறியிருக்கிறதா, ஸ்ரீ சரியாக வருகிறதா? வேர்டு கோப்பில் எழுத்துருவின் பெயர் மேல்பட்டையில் தெரியும், அதையும் குறித்துக்கொள்ளுங்கள். பின்னாளில் என்எச்எம் கன்வெர்ட்டர் போன்ற நிரலில் யூனிகோடுக்கு மாற்றும்போது, எந்த முறையில் அடித்தது என்பதுதான் முதல் கேள்வி.

பழைய டிஸ்க்

ஓடாவிட்டாலும் குப்பையில் போடாதீர்கள். இன்று படிக்க முடியாத பகுதியை நாளை ஒரு நிபுணர் எடுத்துத் தரக்கூடும்; தவிர, அதில் அடியார்களின் பெயரும் முகவரியும் இருக்கின்றன. நிலைமின்சாரம் தடுக்கும் பையில், சிலிகா ஜெல் பொட்டலம் ஒன்றோடு வைத்து மூடி, எந்தக் கணினியுடையது, எந்தத் தேதியில் கழற்றியது என்று எழுதி, தரையை ஒட்டாத உயரத்தில் வையுங்கள். வருடத்துக்கு ஒரு முறை சிலிகா ஜெல்லை மாற்றினால் போதும். கணினி மூடியின் உட்பக்கத்தில் ஒரு தாளை ஒட்டுங்கள்: கார்டின் அளவு, ஜம்பர் நிலை, பயாஸில் கொடுத்த எண்கள், பிரதி இருக்கும் இரண்டு இடங்கள். அடுத்து அந்தப் பெட்டியைத் திறப்பவர் நீங்களாக இருக்க வேண்டும் என்பதில்லை.